மொட்டை மின்னஞ்சல்: உங்களுக்கும் வந்ததா?

புதுக்குடியிருப்பில் இருந்து:

எங்கள் முன்பள்ளிக்குக் கூரை போட வெளிநாட்டு உறவுகள் காசு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். 2019 ஆடியில், லண்டனில் இருக்கும் எங்கள் சங்கப் பொருளாளருக்கு ஒரு மொட்டை மின்னஞ்சல் போயிற்று. செயலாளர் காசை விழுங்கிவிட்டாராம். செயலாளர் நான்தான். பெயரில்லாத ஜிமெயில் கணக்கு. இணைப்பில் எங்கள் கணக்கறிக்கையும், பாமினி எழுத்துருவில் இரண்டு பக்கக் குற்றச்சாட்டும்.

அந்தக் கணக்கறிக்கையை அடித்துத் தந்தது சந்தியில் கொமினிகேசன் வைத்திருந்த பொடியன். அவனும் பாமினியில்தான் அடிப்பான். எங்களுக்கு அது போதும். கனடாவிலும் பாமினியில் அடிக்கிறார்கள், அறிக்கையின் பிரதி அங்கேயும் போனது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு கிழமைக்குள் அவன் கடைக்கு ஆட்கள் போவது நின்றது. போட்டோ கொப்பி மெசினைப் பழைய சாரத்தால் மூடிவிட்டு வாசலில் இருந்தான்.

நான் கோபமாகத்தான் போனேன். அவன் சண்டை பிடிக்கவில்லை. "அண்ணை, அந்த மெயிலை எனக்குக் காட்டுங்கோ" என்றான். பொருளாளர் எனக்குத் திருப்பி அனுப்பிய பிரதியைக் கணினியில் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'அசலைக் காட்டு' என்பதை அழுத்தினான். திகதி வரியில் +0100, அதாவது உலகப் பொது நேரத்தைவிட ஒரு மணித்தியாலம் கூட. "இது லண்டன் நேரம், அவர் திருப்பி அனுப்பின நேரம். முதல் மெயிலின்ர தலைப்பு, அது வந்த வழியைச் சொல்லுற வரிகள், இதில இல்லை. அசலைக் கோப்பாக இறக்கி இணைச்சு அனுப்பச் சொல்லுங்கோ."

அன்றிரவே கோப்பு வந்தது. மெயில் கடந்துவந்த ஒவ்வொரு சேர்வரும் (மெயிலைக் கைமாற்றும் கணினி) தன் வரியை மேலே ஒட்டுமாம். ஆகவே கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும். அந்த வரிகளில் -0700 இருந்தது. அமெரிக்காக்காரன் என்று துள்ளினேன். அது கூகுள் சேர்வரின் கலிபோர்னியா நேரம் என்றான். ஜிமெயில் தளத்தில் இருந்து அனுப்பினால் அனுப்புபவரின் ஐபியும் (இணைய இணைப்பின் இலக்க முகவரி) வராது. மிஞ்சியது திகதி வரி: -0400. எங்கள் நேரம் +0530. ஆடியில் -0400 என்றால் டொரொன்டோ பக்கம். கணினியில் நேர வலயத்தை மாற்றிவைத்தும் அனுப்பலாம் என்று அவனே சொன்னான், தன்னைக் காப்பாற்றக்கூடிய வரியைப் பற்றி.

எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அடுத்த நாள் சங்கக் கூட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போய், எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவன் தாய் கடைசி வாங்கில் இருந்து அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மாங்குளத்தில் இருந்து:

எனக்கு என்னுடைய முகவரியில் இருந்தே வந்தது. கமெராவில் உன்னைப் படம் பிடித்துவிட்டேன், பிட்கொயின் அனுப்பு என்று. இரண்டு இரவு நித்திரை இல்லை. அசலைத் திறந்தால் எஸ்பிஎஃப் வரியில் (அந்த முகவரியின் பெயரில் அனுப்ப அந்தச் சேர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை) 'ஃபெயில்'. கடித உறையில் அனுப்புநர் என்று யாருடைய பெயரையும் எழுதலாம்தானே, அதே வேலை. காசு அனுப்பவில்லை, ஒன்றும் நடக்கவில்லை.

கிளிநொச்சியில் இருந்து:

மகளுக்கு மிரட்டல் வந்தது. அனுப்பியது ஜிமெயிலில் இருந்து இல்லை, தலைப்பில் ஐபி இருந்தது. தேடினால் கொழும்பு. சரி என்று வீட்டில் இருந்தே என் போனின் ஐபியைத் தேடினேன், அதுவும் கொழும்பு! மொபைல் இணைப்பில் ஒரே ஐபியைப் பலர் பாவிக்கிறார்கள். அந்த நிமிடம் அது யாரிடம் இருந்தது என்பது நிறுவனத்தின் பதிவில்தான் இருக்கும். அதை நாங்கள் கேட்டால் தரமாட்டார்கள், பொலிசில் முறைப்பாடு செய்ய வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிசில் அசல் மெயிலைக் கேட்டார்கள். மகள் பயத்தில் அழித்துவிட்டிருந்தாள். மகளின் கணக்கு ஜிமெயில், அதன் குப்பையில் 30 நாள் கிடக்கும். 22ஆம் நாள் எடுத்தோம்.