வாக்குப் போட்டாச்சு, காசு எங்கே?

குழு: செயின்ட் லூயிஸ் அக்கம்பக்கம் (மிசௌரி மாநிலம், அமெரிக்கா)

2021 ஜூலை 22, வியாழன்

பிரியா: தீர்ப்பு வந்துவிட்டது!! மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) விரிவாக்கம் செல்லும். மிசௌரி உச்ச நீதிமன்றம், ஒருமனதாக.

ராஜன்: அப்பாடா.

முத்துக்குமார்: எந்த விரிவாக்கம்? போன வருஷம் ஓட்டெடுப்பு நடந்து ஜெயித்ததே, அதுவா?

ராஜன்: அதேதான் தம்பி. மாநில அரசியலமைப்புத் திருத்தம் 2. ஆகஸ்ட் 4ஆம் தேதி முகக்கவசத்தோடு வரிசையில் நின்று போட்டோம். பிரியாவுக்கு அதுதான் முதல் ஓட்டு.

முத்துக்குமார்: ஜெயித்த விஷயத்துக்கு எதற்கு மாமா கோர்ட்?

பிரியா: ஜெயித்தது 53 சதவீதத்தில். ஜூலை 1 முதல் காப்பீடு தர வேண்டும் என்று திருத்தத்திலேயே இருக்கிறது. சட்டமன்றம் இந்த வசந்த காலத்தில் பட்ஜெட் போட்டபோது இதற்கென்று ஒரு டாலர்கூட வைக்கவில்லை. உடனே மே மாதம் கவர்னர் பார்சன், நிதி இல்லை என்று சொல்லி, வாஷிங்டனுக்கு அனுப்பிய திட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தகுதி இருந்தும் காப்பீடு கிடைக்காத மூன்று பேர் வழக்குப் போட்டார்கள்.

முத்துக்குமார்: நான் கட்சி பேசவில்லை. ஆனால் அந்தப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டுச் செலவைக் கூட்டலாம், பணத்துக்கு வழி சொல்ல வேண்டாம் என்றால் நாளைக்கு ஆளாளுக்கு ஒரு திட்டம் கொண்டுவருவார்கள். ஜூனில் கீழ்க்கோர்ட் சொன்னதும் இதுதானே?

ராஜன்: ஆமாம், கோல் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நீதிபதி அதைத்தான் சொன்னார். மக்களே மனுப் போட்டு ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரும் சட்டம் புது வருமானத்தைக் காட்டாமல் நிதி ஒதுக்கக் கூடாது என்று இந்த மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அதனால் திருத்தமே செல்லாது என்றார்.

பிரியா: மேல்கோர்ட் அதைத்தான் திருப்பிப் போட்டது. இந்தத் திருத்தம் நிதி ஒதுக்கவே இல்லை, யாருக்குத் தகுதி என்று மட்டும்தான் சொல்கிறது. பணம் ஒதுக்குவது இன்னும் சட்டமன்றத்தின் கையில்தான். ஆனால் சட்டமன்றம் மெடிக்கெய்டுக்கு ஒதுக்கியபோது பழைய ஆட்களுக்கு மட்டும், புது ஆட்களுக்குக் கிடையாது என்று பிரித்து எழுதவில்லை. பொதுவாக ஒதுக்கிவிட்டார்கள். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவருக்குக் கொடுப்பேன், இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது.

முத்துக்குமார்: ஓ. அப்படியானால் ஒதுக்கிய பணம் தீர்ந்தால்?

பிரியா: திரும்ப சட்டமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

முத்துக்குமார்: அப்போ நான் கேட்டது சரிதான்.

கலைச்செல்வி: முத்து, செலவில் 90 சதவீதம் மத்திய அரசு கொடுக்கிறது. அது போக, இதுவரை சேராத மாநிலம் இப்போது சேர்ந்தால் இரண்டு வருஷத்துக்குக் கூடுதல் பணம் தருகிறோம் என்று மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட சட்டத்தில் இருக்கிறது. மிசௌரிக்கு மட்டும் ஏறக்குறைய 100 கோடி டாலர் வரும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் சம்பளத்தில் பிடிக்கும் மத்திய வரி இத்தனை வருஷமாக இல்லினாய்க்காரன் வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆற்றைத் தாண்டினால் 2014லிருந்தே அங்கே இது உண்டு. எங்கள் மருத்துவமனையில் அந்தக் கரை நோயாளியும் வருவார், இந்தக் கரை நோயாளியும் வருவார். பில்லைப் பார்த்தாலே எந்தக் கரை என்று தெரிந்துவிடும்.

அசோக்: துல்சாவில் என் தம்பி இருக்கிறான். ஓக்லஹோமாவிலும் போன வருஷம் ஜூன் 30ஆம் தேதிதான் ஓட்டெடுப்பு. ஏழு லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவான ஓட்டில் சுமார் 6,500 வித்தியாசத்தில்தான் ஜெயித்தது. அங்கே கவர்னருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜூன் மாதமே விண்ணப்பம் வாங்கிவிட்டார்கள், ஜூலை 1 முதல் ஓடுகிறது.

ராஜன்: இங்கே நம் அரசியல்வாதிகள் இழுத்தடிப்பதை மெயின் மாநிலத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் போல. ஓட்டெடுப்பில் முதன்முதலில் இதை ஜெயித்தது அவர்கள்தான், 2017 நவம்பரில். கவர்னர் லெபேஜ் சிறைக்குப் போனாலும் போவேன், இதை நடத்த மாட்டேன் என்று நின்றார். 2019 ஜனவரியில் ஜேனட் மில்ஸ் பதவிக்கு வந்து முதல் நாளே உத்தரவு போட்ட பிறகுதான் நடந்தது.

அசோக்: யூட்டாவில் முத்து கேட்ட மாதிரியே செய்தார்கள். விற்பனை வரியை 0.15 சதவீதம் ஏற்றுகிறோம் என்று கேள்வியிலேயே சேர்த்து, அப்படியும் ஜெயித்தார்கள். அதையும் சட்டமன்றம் சில மாதத்திலேயே வெட்டிச் சுருக்கியது.

முத்துக்குமார்: சரி சரி, எல்லோரும் ஒன்று சேர்ந்து அடிக்காதீர்கள்.

தேவகி: கலை, இது யாருக்குக் கிடைக்கும்? எனக்கு வருமா?

கலைச்செல்வி: அக்கா, வயது 19 முதல் 64 வரை. தனி ஆள் என்றால் வருஷ வருமானம் சுமார் 17,774 டாலருக்குள், நாலு பேர் குடும்பம் என்றால் 36,570க்குள். உங்களுக்கு எவ்வளவு வருகிறது? இங்கே சொல்ல வேண்டாம் என்றால் தனியாக அனுப்புங்கள்.

தேவகி: இதில் என்ன ஒளிவு மறைவு. கடையில் கொரோனாவுக்கு அப்புறம் நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். மாதம் 900 வருகிறது. போன வருஷம் சந்தைக் காப்பீட்டுக்கு (ஒபாமா சட்டத்தின்படி அரசு மானியத்தோடு நாமே வாங்கும் தனியார் காப்பீடு) போட்டுப் பார்த்தேன். வருமானம் குறைவு, அதனால் மானியம் இல்லை என்று வந்தது. குறைவு என்றால் கூடத்தானே கொடுக்க வேண்டும்? எனக்குப் புரியவே இல்லை.

கலைச்செல்வி: புரியாததுதான் நியாயம் அக்கா. ஒபாமா சட்டம் எழுதியபோது ஏழைகள் எல்லோரும் மெடிக்கெய்டில் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். அதனால் மானியத்தை வறுமைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் எழுதினார்கள். 2012ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது, விரும்பினால் சேரட்டும் என்றது. மிசௌரி சேரவில்லை. இந்த வருஷம் தனி ஆளுக்குக் கோடு 12,880. அதற்கு மேலே இருந்தால் மானியம், கீழே இருந்தால் இரண்டும் இல்லை. பிள்ளை இல்லாத, 64 வயதுக்குள் இருப்பவருக்கு, ஊனமும் இல்லை என்றால், இந்த மாநிலத்தில் மெடிக்கெய்ட் என்ற பேச்சே கிடையாது. பிள்ளை இருக்கும் பெற்றோருக்கே நாலு பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு டாலர் சுமார்தான் வரம்பு.

முத்துக்குமார்: வருஷத்துக்கா? மாதத்துக்கு என்று நினைத்தேன்.

கலைச்செல்வி: வருஷத்துக்கு.

முத்துக்குமார்: ...

தேவகி: இன்னொன்று. நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். இதை வாங்கினால் அரசாங்கத்துக்குச் சுமை என்று தள்ளிவிடுவார்கள் என்று கடையில் ஒருவர் பயமுறுத்தினார்.

கலைச்செல்வி: அந்தச் சுமைச் சோதனை கிரீன் கார்டு கேட்கும்போது, குடியுரிமைக்கு இல்லை. மெடிக்கெய்டையும் அதில் சேர்த்த டிரம்ப் காலத்து விதியும் மார்ச்சோடு போய்விட்டது. உங்களுக்குக் கிரீன் கார்டு வந்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே?

தேவகி: 2009ல் வந்தது.

கலைச்செல்வி: அப்போ கவலையே இல்லை.

அசோக்: என் மச்சினிக்கு வந்து இரண்டு வருஷம்தான்.

கலைச்செல்வி: ஐந்து வருஷம் ஆகும்வரை மெடிக்கெய்ட் இல்லை அண்ணா. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள், அந்தக் காரணத்தால் தடுக்கப்பட்டவருக்கு வருமானம் கோட்டுக்குக் கீழே இருந்தாலும் சந்தைக் காப்பீட்டில் மானியம் உண்டு. தேவகி அக்காவுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனதால் அதுவும் இல்லை.

அசோக்: இந்தச் சட்டத்தை எழுதியவன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவானா?

முத்துக்குமார்: என்னை மாதிரி ஹெச்1பி வேலை விசாவில் இருக்கும் ஆட்களுக்கு?

கலைச்செல்வி: உனக்குக் கம்பெனி காப்பீடு இருக்கிறது, போய்ச் சாப்பிடு.

2021 ஆகஸ்ட் 11, புதன்

பிரியா: கீழ்க்கோர்ட் நேற்று உத்தரவு போட்டுவிட்டது. தகுதி உள்ளவர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். தேவகி அத்தை, விண்ணப்பம் போடுங்கள்.

தேவகி: ஏற்பாடு எல்லாம் முடியட்டும், அப்புறம் போடலாம் என்று பார்த்தேன்.

கலைச்செல்வி: வேண்டாம் அக்கா, இப்போதே போடுங்கள். சம்பளச் சீட்டு, கிரீன் கார்டு, வாடகை ஒப்பந்தம் எடுத்து வையுங்கள். ஞாயிறு மதியம் வீட்டுக்கு வருகிறேன், ஆன்லைனில் சேர்ந்து நிரப்பலாம்.

முத்துக்குமார்: எனக்கு ஒரு சந்தேகம். நகரத்தில்தான் ஆதரவு ஓட்டு விழுந்தது, கிராமத்துக் கவுண்டிகள் பெரும்பாலும் வேண்டாம் என்றுதான் போட்டன. அங்கேதானே ஏழைகள் அதிகம்? மருத்துவமனைகளும் அங்கேதானே மூடுகின்றன?

ராஜன்: எனக்கும் அதுதான் விளங்கவில்லை. தெற்கே பூட்ஹீல் பக்கம் ஒரு நண்பர் பண்ணைக் கருவி விற்கிறார். அவரிடம் கேட்டேன். செயின்ட் லூயிஸ்காரர்கள் சொல்வது எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்று போடுவோம் என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, அவர் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி எனக்குப் படவில்லை.

2021 அக்டோபர் 3, ஞாயிறு

பிரியா: முதல் தேதியிலிருந்து விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சுமார் 2,75,000 பேருக்குத் தகுதி என்று கணக்கு.

தேவகி: எனக்கு இன்னும் கடிதம் வரவில்லை. ஜூலை கடைசியில் கால் வீங்கி அவசரப் பிரிவுக்குப் போனேனே, அந்த பில் 2,300 டாலர் வந்து கிடக்கிறது. தவணை போட்டுக் கட்டட்டுமா?

கலைச்செல்வி: கட்டாதீர்கள் அக்கா! காப்பீடு ஜூலை 1லிருந்து பின்தேதியிட்டுக் கிடைக்கும். பில் அனுப்பிய இடத்துக்கு ஃபோன் செய்து, மெடிக்கெய்ட் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று சொல்லிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். யாரிடம் பேசினீர்கள், எந்தத் தேதி, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கடிதம் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆட்கள் குறைவு என்கிறார்கள்.

தேவகி: ஆங்கிலத்தில் இவ்வளவையும் ஃபோனில் சொல்ல எனக்கு வராதே.

முத்துக்குமார்: அக்கா, நாளைக்கு நான் வீட்டிலிருந்துதான் வேலை. பத்து மணிக்கு பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள், ஸ்பீக்கரில் போட்டு நான் பேசுகிறேன்.

அசோக்: காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள். டிஃபனும் செய்து வை.