ஒத்திகையில் பார்த்த ஃப்ரிச்சாய்

ஹங்கேரிய இசை நடத்துநர் என்றதும் பலரும் சொல்லும் பெயர் ஷோல்ட்டி. 31 கிராமி விருதுகள் வாங்கியவர், சரிதான். என் மனதில் முதலில் வருபவர் ஃபெரென்ட்ஸ் ஃப்ரிச்சாய். 1914இல் புடாபெஸ்ட்டில் பிறந்து 1963 பிப்ரவரியில், 48 வயதிலேயே போய்விட்டார். அவர் மேடையேறி நான் பார்த்ததில்லை, பார்க்க வாய்ப்பும் இல்லை. ஆனால் அவர் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

1960இல் ஷ்டுட்கார்ட் வானொலி இசைக்குழுவோடு செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தனா ஒரு நதியைப் பற்றி எழுதிய ‘மோல்டாவ்’ ஒத்திகை நடத்தியதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் கிடைக்கிறது. கறுப்பு வெள்ளைதான். அதற்கு முன்பே நோயும் அறுவைச் சிகிச்சைகளும் அவரை உருக்கியிருந்தன, முகத்தில் தெரியும். ஆனால் வாய் திறந்தார் என்றால் அந்த மனிதர் வேறு. ஹங்கேரிய வாடை வீசும் ஜெர்மனில் நதியின் கதையைச் சொல்கிறார்: ஊற்று, வேட்டை, கிராமத்துக் கல்யாணம், நிலா வெளிச்சம். சொல்லிப் புரியாததைப் பாடிக் காட்டுகிறார். தொடக்கத்தில் இரண்டு புல்லாங்குழல்கள் மாறி மாறி வாசிக்க வேண்டும், ஆனால் கேட்பவருக்கு ஒரே ஓட்டமாக விழ வேண்டும். அந்தச் சில நொடிகளுக்கு எவ்வளவு உழைப்பு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. யாரையும் மிரட்டாமல் இவ்வளவு வேலை வாங்க முடியும் என்பதும்தான்.

அதன் பிறகு அவருடைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிக் கேட்டேன். போருக்குப் பிந்தைய பெர்லினில், அமெரிக்கப் பகுதியின் வானொலிக்கென உருவான ரியாஸ் இசைக்குழுவை வளர்த்தெடுத்தவர் அவர். பெர்லின் சுவர் எழுந்த அடுத்த மாதமே, 1961 செப்டம்பரில், மேற்குப் பெர்லினின் புதிய ஓபரா அரங்கத்தை மோட்சார்ட்டின் ‘டான் ஜொவான்னி’யோடு திறந்து வைத்ததும் அவர்தான். அந்த ஆண்டுக்குப் பிறகு அவரால் மேடையேறவே முடியவில்லை.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் அவர் பெயர் நிற்பதற்கு என்னைக் கேட்டால் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கின் பியானோ கான்செர்ட்டோக்களை, அதாவது தனிப் பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகளை, அவர் நடத்திய பதிவுகளே போதும். பார்ட்டோக்கும் இன்னொரு ஹங்கேரிய இசையமைப்பாளரான கோடாயும் பாடம் நடத்திய புடாபெஸ்ட் இசைக் கல்லூரியில் படித்தவர் அல்லவா, அந்தத் தாளங்கள் அவருக்குப் பிறவியிலேயே வந்தவை போல இருக்கின்றன. பியானோவில் கேஸா அந்தா, அவரும் ஹங்கேரியர். இரண்டாம் கான்செர்ட்டோவின் முதல் பகுதி முழுக்க வயலின் குடும்பம் வாயே திறக்காது. காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் பியானோவும் மட்டுமே. அப்புறம் இரண்டாம் பகுதியில் தந்திக் கருவிகள் அடங்கிய குரலில் முதல்முறையாக நுழையும். வேறு சிலர் நடத்தியும் கேட்டிருக்கிறேன், இந்த அமைதி அவர்களிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை கேட்காதவர்கள் அந்த இரண்டாம் பகுதியிலிருந்தே தொடங்கலாம். ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஆரம்பம் மெல்லியதாக இருக்கிறதே என்று ஒலியைக் கூட்டிவிடாதீர்கள். நடுவில் பியானோ சட்டென்று பாய்ந்து ஓடும்.