சிசிலியில் ஒரு வாரம், முட்டிவலி உள்ள அம்மாவோடு: கிழக்கா, மேற்கா?

நிலாமுகில்:
வணக்கம். ஜூன் கடைசியில் அம்மாவை சிசிலிக்குக் கூட்டிப்போகிறேன், ஒரு வாரம் கையில் இருக்கிறது. அம்மா வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கிரேக்கக் கோயில்களை நேரில் பார்க்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை, ஆனால் முட்டிவலி, படி ஏறுவது கஷ்டம், ஒரேயடியாக அதிக நேரம் நடக்கவும் முடியாது. நான் கார் ஓட்டப்போவதில்லை. பலெர்மோ, அக்ரிஜென்டோ, சிராகூசா, நோட்டோ, தவோர்மினா, எட்னா எரிமலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. தினம் ஒரு ஊராகத் தீவைச் சுற்றி வந்துவிடலாமா, இல்லை ஒரே இடத்தில் தங்கிப் போய்வருவது நல்லதா? நாங்கள் சைவம், சாப்பாட்டைப் பற்றியும் சொல்லுங்கள்.

கல்தச்சன்:
தினம் ஒரு ஊர் வேண்டவே வேண்டாம். மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு அது. மேற்கே பலெர்மோவிலிருந்து கிழக்கே கத்தானியாவுக்குப் பேருந்தில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அம்மாவுக்குப் பாதி விடுமுறை பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே போய்விடும்.

என்னைக் கேட்டால் கிழக்குதான். சிராகூசாவின் பழைய நகரமான ஒர்டீஜாவுக்குள்ளேயே தங்குங்கள். பாலத்தால் கரையோடு இணைந்த சின்னத் தீவு அது, பெரும்பாலும் சமதரை, உட்கார நிழலும் கிடைக்கும். அங்கே இருக்கும் கதீட்ரலை அம்மா தவறவிடக்கூடாது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அதீனா கோயில்தான் அது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, உள்சுவரில் வளைவுகளை வெட்டித் திறந்து, தேவாலயமாக்கிவிட்டார்கள். 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு முகப்பை அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் கட்டினார்கள். முன்னால் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பக்கத்துச் சந்துக்குப் போய்ப் பாருங்கள், பழைய கோயிலின் டோரிக் பாணித் தூண்கள் சுவரிலிருந்து பிதுங்கிக்கொண்டு நிற்கும். இன்றைக்கும் உள்ளே வழிபாடு நடக்கிறது. ஒரே கட்டடத்துக்குள் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றை, படி ஏறி இறங்கி அலையாமல் பார்த்துவிடலாம்.

பரோக் கட்டடங்களுக்குப் பேர்போன நோட்டோ அங்கிருந்து பக்கம். ரயில் நிலையம் ஊருக்குக் கீழே இருப்பதால் மேட்டில் ஏறவேண்டியிருக்கும், அதனால் பேருந்தில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் ரொம்பக் குறைவு, அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

தென்றல்:
கல்தச்சன் சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வரலாறு படித்த ஒருவரை பலெர்மோவைக் காட்டாமல் திருப்பி அனுப்புவதை என்னால் ஏற்கமுடியாது. நார்மன் அரசன் இரண்டாம் ரோஜர் 1130இல் முடிசூடியவன். அவன் அரண்மனைக்குள் இருக்கும் கப்பெல்லா பலத்தினாவில் சுவர் முழுக்க பைசாந்தியக் கலைஞர்களின் பொன் மொசைக், தலைக்கு மேலே அரபுத் தச்சர்களின் மரக்கூரை, அதில் அரபு எழுத்து. கீழே லத்தீன் முறைப்படி கட்டிய தேவாலயம். மூன்று உலகமும் ஒரே அறைக்குள் இருக்கிறது. புவியியலாளர் அல் இத்ரீசி தன் புகழ்பெற்ற உலக வரைபடத்தை 1154இல் முடித்ததும் இதே ரோஜருக்காகத்தான்.

மொன்ரியாலே கதீட்ரல் பலெர்மோவுக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கிறது, பேருந்தோ டாக்சியோ பிடித்தால் போதும். அங்கே மொசைக் மட்டும் 6,000 சதுர மீட்டருக்கு மேல். உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பது உங்கள் அம்மாவுக்கு வசதி. தோளை மூடும் உடை போட்டுக்கொள்ளுங்கள். சின்ன தேவாலயங்கள் பல மதியத்தில் மூடிவிடும், காலையிலேயே கிளம்புங்கள்.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். கொண்டைக்கடலை மாவில் பொரிக்கும் பனெல்லே பலெர்மோ தெருவெல்லாம் கிடைக்கும். கத்தரிக்காயில் செய்யும் கபொனாத்தா, பாஸ்தா அல்லா நோர்மா இரண்டும் எங்கேயும் உண்டு. கபொனாத்தாவில் சில இடங்களில் மீன் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் பாதாம் கிரனித்தாவும் (பனிக்கூழ் மாதிரி) பிரியோஷும் (மெத்தென்ற பன்) கட்டாயம் சாப்பிடுங்கள்.

நிலாமுகில்:
இருவருக்கும் நன்றி. இப்போது குழப்பம் கூடிவிட்டது :) அம்மாவிடம் படித்துக்காட்டினேன், இரண்டுமே வேண்டும் என்கிறார். கிரேக்கக் கோயில்கள் இருக்கும் அக்ரிஜென்டோவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? அந்த வெயிலில் அவரால் முடியுமா?

உப்புக்காற்று:
முடியும் தோழி, நேரத்தையும் திசையையும் சரியாகப் பிடித்தால். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை அந்தப் பக்கமே போகாதீர்கள், கோயில்கள் இருக்கும் மேட்டில் நிழலே இல்லை. ஜூன் கடைசியில் பொழுது சாயவே இரவு எட்டு தாண்டும், அதனால் மாலையில் போங்கள். நுழைவாயில் இரண்டு. உயரத்தில் இருக்கும் ஜூனோ கோயில் பக்கம் டாக்சியில் போய் இறங்கிவிட்டால், அங்கிருந்து கன்கார்டியா, ஹெர்குலிஸ் என்று வழியெல்லாம் இறக்கம்தான். கீழ்வாசலில் இன்னொரு டாக்சி. கீழிருந்து ஏற ஆரம்பித்தால் முட்டி பாடாய்ப்படுத்தும்.

கன்கார்டியா அவ்வளவு முழுசாக நிற்பதற்குக் காரணம் 6ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் தேவாலயமாக மாற்றியதுதான். சிராகூசாவில் நடந்த அதே கதை. ஆனால் இங்கே பின்னாளில் சுவர்களை எடுத்துவிட்டதால் தூண்கள் மறுபடி தனியாக நிற்கின்றன. அம்மா இரண்டையும் பார்த்தால் நன்றாக ஒப்பிட்டுக்கொள்வார். அந்த மஞ்சள் கல்லுக்கு அந்தக் காலத்தில் வெள்ளைப் பூச்சு இருந்தது என்பதையும் சொல்லுங்கள், ஆசிரியருக்குத் தெரிந்தே இருக்கும்.

பலெர்மோவில் இறங்கி, கத்தானியாவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். முதலில் பலெர்மோ, அப்புறம் ரயிலில் இரண்டு மணி நேரம் போல அக்ரிஜென்டோ, அங்கே ஓர் இரவு. மறுநாள் பேருந்தில் கத்தானியா போய், அங்கிருந்து சிராகூசா. மீதி நாட்கள் முழுக்க ஒர்டீஜாவிலேயே. ரயிலுக்குக் காகித டிக்கெட் எடுத்தால் ஏறுவதற்கு முன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் அபராதம்.

கல்தச்சன்:
இந்தத் திட்டம் என்னுடையதைவிட நல்லது. எட்னாவையும் தவோர்மினாவையும் மட்டும் அடித்துவிடுங்கள், ஏற்றமும் கூட்டமும் அம்மாவுக்கு ஆகாது. எட்னாவைத்தான் கத்தானியா வரும் வழியிலேயே பார்த்துவிடுவீர்களே.

அதற்குப் பதிலாக இன்னொன்று. சிராகூசாவின் கிரேக்க அரங்கில் கோடைதோறும் பழைய கிரேக்க நாடகங்கள் போடுகிறார்கள், 1914இல் தொடங்கியது. மொழி இத்தாலியன்தான், ஆனாலும் கதை தெரிந்தவருக்கு அது தடையில்லை. நாடகக் காலத்தில் கல் இருக்கைகளின் மேல் பலகை போட்டிருப்பார்கள், அரங்கை வெறும் கல்லாகப் பார்க்க முடியாது, ஆனால் மாலையில் அங்கே உட்கார்ந்து நாடகம் பார்ப்பது அதைவிடப் பெரிது. சாய்மானம் கிடையாது, ஒரு திண்டு எடுத்துப்போங்கள். படி குறைவாக இருக்கும் இடம் எது என்று கேட்டு டிக்கெட் எடுங்கள். தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.