தாத்தா பெட்டியில் இருந்த மழுங்கின உளிகள் எதற்கு?

எண்ணூர் பேத்தி:
எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றங்கரையில் மரப்படகு கட்டினவர். போன வாரம் பரணை ஒழிக்கும்போது அவருடைய பெட்டி கிடைத்தது. இழைப்புளி, வாய்ச்சி எல்லாம் தெரிகிறது, ஆனால் நாலு இரும்பு உளிகள் கூரே இல்லாமல் அகலமாக இருக்கின்றன, ஒன்றில் நுனி நெடுக பள்ளம் வேறு. சாணை பிடிக்கக் கொடுக்கலாமா? அம்மாவைக் கேட்டால், "அத வெச்சிதான் நாள் பூரா தட்டினே இருப்பாரு, சத்தம் நின்னா சோத்து நேரம்னு தூக்குவாளி எடுத்துனு ஓடுவோம்" என்கிறார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

காசிமேட்டுப் பையன்:
சாணைக்குக் கொடுத்துவிடாதீங்கம்மா! அது கலப்பத்து உளி, கூர் இருந்தால்தான் கெட்டுப்போச்சு. எங்கள் அப்பா காசிமேட்டில் லாஞ்சு கட்டுகிற வேலையில் இருந்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள சந்தில் பஞ்சைத் திரியாகத் திரித்து வைத்து இந்த உளியால் அடித்து இறுக்குவார்கள், கூர் இருந்தால் திரி அறுந்துவிடும். அப்புறம் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசுவார்கள். தண்ணீரில் இறக்கினதும் மரம் ஊறி உப்பி, சந்து தானாக நெருக்கிக்கொள்ளும். அப்பா சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார், முதலில் பொத்து பொத்தென்று கேட்கும், திரி இறுகினதும் கணீரென்று மாறும். அவர் லுங்கியில் குங்கிலிய வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. பைபர் படகு வந்த பிறகு, அதிலும் 2004 சுனாமிக்குப் பிறகு, சின்னப் படகை மரத்தில் கட்டச் சொல்லி அவரிடம் யாரும் வரவில்லை.

பேசின் பிரிட்ஜ்:
எங்கள் ஆயா பக்கிங்காம் கால்வாய்ப் படகுகளைப் பற்றி நிறைய சொல்வார். ஆந்திரா பக்கமிருந்து விறகு, உப்பு எல்லாம் படகில்தான் வருமாம், காற்று இல்லாவிட்டால் கயிறு கட்டி ஆட்கள் கரையோடு நடந்தே இழுப்பார்களாம். சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமான பகுதி 1800களின் தொடக்கத்திலேயே வெட்டினது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கிற துண்டு தாது வருஷப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களை வைத்துத் தோண்டினது, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கனக்கிறது. அக்கா, உங்கள் தாத்தா அந்தப் படகுகளுக்கும் கலப்பத்து அடித்தாரா? அம்மாவிடம் கேளுங்களேன்.

எண்ணூர் பேத்தி:
கேட்டேன். அடித்திருக்கிறார். உப்புப் படகைக் கவிழ்த்துப் போட்டிருக்கிற நிழலில்தான் அம்மாவும் சித்தியும் மதியம் தூங்குவார்களாம். பேசப் பேச ஆசை வந்து, நேற்று ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அம்மா நண்டு பிடித்த இடத்தில் கால் வைத்தால் சாம்பல் சேறு கணுக்கால் வரை ஏறுகிறது. அவர் ரொம்ப நேரம் ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் உளிகளைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைத்தார். இன்னொன்று கேட்கணும் அண்ணா, நாலு உளியிலும் காம்பில் மூன்று கோடு வெட்டியிருக்கிறது, அது எதற்கு?

காசிமேட்டுப் பையன்:
பத்துப் பேர் சேர்ந்து அடிக்கிற இடத்தில் உளி மாறிப் போகாமல் இருக்க அவரவர் போட்டுக்கொள்கிற அடையாளம்மா. எங்கள் அப்பா உளியில் ரெண்டு கோடு.