மெர்க்குரி அட்லஸ் மாடலுக்கு ஸ்டீல் பளபளப்பு வர என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. 1962 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றக் கிளம்பிய மெர்க்குரி அட்லஸ் ராக்கெட்டை 1/72 அளவில் கட்டிக்கொண்டிருக்கிறேன். நிஜ ராக்கெட் கிட்டத்தட்ட 29 மீட்டர், மாடல் 40 சென்டிமீட்டர். ஒட்டும் வேலை முடிந்துவிட்டது. சிக்கல் பெயின்ட்டில்தான்.

அட்லஸின் டேங்க் வெறும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். தகடு அவ்வளவு மெல்லியது, உள்ளே அழுத்தம் இல்லாவிட்டால் தன் எடையிலேயே மடங்கிவிடும். பெயின்ட் அடிக்காத அந்தப் பளபளப்புதான் அதன் அழகே. சாதாரண சில்வர் ஸ்ப்ரே அடித்தால் தண்ணீர்க் குழாய் மாதிரி இருக்கிறது! பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன்மேல் மெட்டாலிக் பெயின்ட் அடிக்கலாமா, இல்லை மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டலாமா? மாடலின் இரண்டு பாதிகளும் சேரும் கோடு எதில் குறைவாகத் தெரியும்? மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது மெட்டாலிக் பெயின்ட்டும் சேர்ந்து வராமலிருக்க என்ன செய்கிறீர்கள்? ஏர்பிரஷ் இருக்கிறது.

அப்புறம், திரவ ஆக்ஸிஜன் டேங்கின்மேல் படியும் உறைபனியை மாடலில் யாராவது காட்டியிருந்தால் படம் போடுங்கள். வெள்ளையை எவ்வளவு நீர்த்துப் பயன்படுத்தினீர்கள் என்றும் சொல்லுங்கள்.