புதுப்பிப்பு: வேர் அழுகிய குதிரைமசால், இப்போது நிற்கிறது

பினாங்கின் பாலிக் புலாவில் ஆட்டுத் தீவனத்துக்கு விதைத்த குதிரைமசால் (லூசர்ன்) மழைக்குச் சாகிறது, பிடுங்கினால் வேர் பழுப்பாகித் தோல் கையோடு வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, பைட்டோப்தோரா வேரழுகலுக்கு (ஈர மண்ணில் பூஞ்சை போன்ற கிருமியால் வரும் நோய்) ‘உயர் எதிர்ப்பு’ என்று போட்ட விதையை வாங்கி மேட்டுப்பாத்தியில் விதைக்கச் சொன்ன யோசனைதான். முதல் அறுப்பு முடிந்தது. உலர்தீவனமாக்கப் பார்த்தேன், இந்த மழையில் பூஞ்சைதான் பிடித்தது, அதனால் பச்சையாகவே போடுகிறேன்.

எதிர்பாராதது: இதிலும் மூன்றில் ஒன்று செத்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கடுப்பானேன், இல்லையாம். அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் (வேறு செடியின் மகரந்தத்தால் விதை பிடிப்பது) என்பதால் ஒரே ரகத்திலும் விதைக்கு விதை குணம் மாறும், பாதிக்கு மேல் செடிகள் தாங்கினாலே ‘உயர் எதிர்ப்பு’ என்ற பெயர் கிடைத்துவிடும். ரகம் உருவாக்குகிறவர்கள் தப்பிய செடிகளைத் தங்களுக்குள் கலக்கவிட்டுத்தான் அடுத்த தலைமுறை விதை எடுக்கிறார்கள். சரி, நானும் பத்துச் செடியை அறுக்காமல் விட்டிருக்கிறேன்.