கெடு தாண்டிய தொழிலாளர் வழக்குகள்: தாமத மனுவில் பார்த்தவை

தாமத மனு என்பது, கெடு தாண்டித் தாக்கல் செய்ததை மன்னிக்கக் கேட்கும் மனு. அதில் பார்த்ததை வெவ்வேறு பணிகளில் இருப்பவர்கள், அவரவர் பணியின் பெயரில் கீழே சொல்கிறார்கள்.

சங்கப் பணி
தாமதம் பத்து நாளா பத்து மாதமா என்று எண்ணுவதற்கு முன், அதை மன்னிக்கும் அதிகாரம் மனு போடும் நீதிமன்றத்துக்கோ அதிகாரிக்கோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 2010 திருத்தத்துக்குப் பிறகு, சமரச அலுவலரிடம் மனு கொடுத்து 45 நாள் கழிந்தால், வேலைநீக்கம் செய்யப்பட்டவர் நேரே தொழிலாளர் நீதிமன்றம் போக முடிந்தது. அதற்கு 3 ஆண்டு வரம்பு இருந்தது. அதைத் தவறவிட்டவர்களுக்கும் பிரிவு 10-இன்படி அரசு தகராறை அனுப்பிவைக்கும் வழி இருந்தது. அதற்குச் சட்டத்தில் காலக்கெடு இருக்கவில்லை. 21.11.2025-இல் நடைமுறைக்கு வந்த 2020 தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில், தனி ஆளின் வேலைநீக்கத்துக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. தகராறு எழுந்து 2 ஆண்டு தாண்டினால் சமரச அலுவலர் அதைக் கையில் எடுக்கக் கூடாது. அவருடைய அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். "மூணு வருஷம் இருக்கே" என்று இன்னும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

நிர்வாகத் தரப்பு
இந்தப் பக்கமும் அடி விழும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) உத்தரவுக்கு மேல்முறையீடு 60 நாள். போதிய காரணம் காட்டினால் இன்னொரு 60 நாள். 121-ஆம் நாள் எவ்வளவு உருக்கமான காரணம் சொன்னாலும் மேல்முறையீட்டு அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. பல நிறுவனங்கள் சறுக்குவது இதில்கூட இல்லை, பணம் கட்டுவதில். உத்தரவிட்ட தொகையைச் செலுத்திய சான்று இல்லாமல் மேல்முறையீட்டை ஏற்க மாட்டார்கள். தலைமையகத்தில் கையெழுத்து வாங்கி வரைவோலை வந்து சேர்வதற்குள் கெடு ஓடிவிடும். மனு தயாராகும் முன்பே பணத்துக்குக் குறிப்பு அனுப்புங்கள்.

கோப்பு பார்ப்பவர்
தாமத மன்னிப்பு மனுவுக்கான பிரமாணப் பத்திரம் பற்றி. "உடல்நலக் குறைவால் உரிய காலத்தில் தாக்கல் செய்ய இயலவில்லை" என்ற ஒற்றை வரியோடு வரும் மனுக்கள்தான் அதிகம் தள்ளுபடியாகின்றன. தாமதம் 75 நாள், மருத்துவச் சான்று 12 நாளுக்கு என்றால், மீதி 63 நாள் எங்கே போனது என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி. தேதி போட்டு எழுதுங்கள்: உத்தரவு கைக்கு வந்த நாள், நகலுக்கு விண்ணப்பித்த நாள், நகல் கிடைத்த நாள், வழக்கறிஞரிடம் கோப்பு சேர்ந்த நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் பின்னால் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் கணக்குக் கேட்டு வதைக்க வேண்டாம் என்று 1987-இல் கட்டிஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதை மட்டும் நம்பி வெற்றிடம் விடாதீர்கள். 2012-இல் லிவிங் மீடியா வழக்கில், கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற அஞ்சல் துறையின் சாக்கை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை.

உத்தரவில் போட்ட தேதி ஒன்று, கையில் கிடைத்த தேதி வேறு. கெடு கிடைத்த நாளிலிருந்து ஓடும் இடங்களில் தபால் உறைதான் சாட்சி. அதைக் கிழித்துப் போடாதீர்கள். தபால் போய்ச் சேர்ந்த விவரத்தை இணையத்திலிருந்து அன்றே அச்செடுத்து வையுங்கள். முதல் நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடைசி நாள் அலுவலகம் மூடியிருந்தால், திறக்கும் அடுத்த நாள் போதும்.

இன்னொன்று, பலர் மறப்பது. மனுவைக் குறை சொல்லித் திருப்பினால், சரிசெய்து மறுபடி தாக்கல் செய்யவும் ஒரு கெடு உண்டு. அதுவும் தவறினால் அந்தத் தாமதத்துக்குத் தனி மனு. முதல் தாமத மனுவிலேயே இரண்டையும் திணித்தால் மறுபடி திரும்பி வரும்.

மத்திய அரசுப் பணி
துறைக்கு மேல் துறைக்கு முறையீடு அனுப்பிக்கொண்டே இருந்தால் கெடு நீளாது. மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் இறுதி உத்தரவிலிருந்து 1 ஆண்டு. விதிப்படியான மேல்முறையீட்டுக்கு 6 மாதம் பதிலே வராவிட்டால், அந்த 6 மாதம் முடிந்ததிலிருந்து 1 ஆண்டு. நினைவூட்டல் கடிதங்கள் இந்தக் கணக்கில் வரவே வராது. நல்ல வேளை, நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டத்தின் பிரிவு 21(3)-இல் தாமதத்தை மன்னிக்க இடம் இருக்கிறது.

சங்கப் பணி
எக்ஸ்பார்ட்டி ஆனவர்களுக்கு, அதாவது விசாரணைக்கு வராததால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு பெற்றவர்களுக்கு, ஒரு சேர்க்கை. பழைய சட்டப்படி, தீர்ப்பு வெளியாகி 30 நாள் கடந்து அமலுக்கு வந்துவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதைத் தொட முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். 2018-இல் ஹரியானா சூரஜ் மால்ட்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 30 நாளுக்குப் பிறகும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கேட்கலாம். விசாரணைக்கு வராததற்கு ஒரு காரணம், தாமதத்துக்கு ஒரு காரணம் என இரண்டையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். அழைப்பாணை பழைய முகவரிக்குப் போனது என்றால், முகவரி மாற்றத்தை நிறுவனத்துக்குத் தெரிவித்த கடிதத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள்.